பிரேக்கருக்குப் பெயர் எழுதுவோம்



மட்டக்களப்பு வாவிக்கரையில் மாரி தொடங்கினால் தண்ணீர் எப்போது முற்றத்துக்கு ஏறும் என்று சொல்ல முடியாது. 2011 ஜனவரி வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

தண்ணீர் ஏறுமுன் தென்னந்தோட்டத்துப் பம்பின் கரண்டை நிறுத்த ஓடுகிறோம். பெட்டியில் எட்டுப் பிரேக்கர். எது பம்புக்கு? பெயர் இல்லை. ஒன்றைத் தட்டிவிட்டு, கரண்ட் நின்றுவிட்டதென்று நம்பி வயரில் கை வைத்தால் உயிர் போகும். வருவது 230 வோல்ட்.

பெயர் எழுதுவது கடினமில்லை. பகலில் எல்லா விளக்கையும் போடுங்கள். பிளக்குகளில் ரேடியோவோ ஃபேனோ ஓடட்டும். ஒருவர் பெட்டியடியில் நிற்க, மற்றவர் அறை அறையாகப் பார்க்கட்டும். ஒவ்வொரு பிரேக்கராக நிறுத்தி, எது அணைந்தது என்று எண்ணோடு எழுதுங்கள். மூடியைக் கழற்றாதீர்கள், அது எலெக்ட்ரிசியன் வேலை. வருகிறவர் எவரும் வாசிக்கத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். ஈரக்காற்றில் மை கலையாமல் தாளைப் பிளாஸ்டிக் உறையில் இடுங்கள்.

புதிதாக வயர் இழுத்தால் அன்றே தாளைத் திருத்துங்கள். பெயர் இல்லாவிட்டால் பயந்து நடப்போம். பிழையான பெயர் பயத்தைப் போக்கிக் கொன்றுவிடும். ஆகவே பெயர் இருந்தாலும் டெஸ்டரால் பார்த்த பிறகே எலெக்ட்ரிசியன் தொடவேண்டும். தண்ணீர் பெட்டியடிக்கு வந்துவிட்டால் எவரும் கிட்டப் போகவேண்டாம். மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள்.

வீட்டுப் பெட்டியை நாமே பார்ப்போம். பம்புக் கொட்டில், ஸ்டோர், லயன் பெட்டிகளுக்குப் பெயர் இடவேண்டியது நிர்வாகம். இந்த மாரிக்கு முன் அதைச் சங்கத்தின் மூலம் எழுத்தில் கேட்போம்.