கரி நிலமும் கதவணையும்

கேரளத்தின் குட்டநாட்டில் கடல்மட்டத்திற்கும் தாழ்ந்த வயல்களில் நெல் விளைவது பலரும் அறிந்ததே. அங்குள்ள 'கரி' நிலங்களின் இயல்போ அவ்வளவாக அறியப்படவில்லை. பெயரே மண்ணின் நிறத்தைச் சொல்லிவிடும். புதையுண்ட மரத்துண்டுகளோடு, இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் கனிமமும் இம்மண்ணில் உண்டு. நீரில் மூழ்கியுள்ளவரை அதனால் தீங்கில்லை. நீரை இறைத்து, நிலத்தை வெடிக்கக் காயவிட்டாலோ, காற்றுப்பட்டுக் கந்தக அமிலம் தோன்றுகிறது, பி.எச். அளவு 4-க்கும் கீழே இறங்குகிறது. அலுமினியம் கரைந்து வேர் வளர்ச்சியைத் தடுக்கிறது. சுண்ணாம்பு இடலாம்; அச்செலவைச் சிறு உழவர் ஆண்டுதோறும் தாங்க இயலுமா? அமிலத்தைக் கழுவிச் செல்வது நீரோட்டமே. 1970-களில் எழுந்த தண்ணீர்முக்கம் கதவணை உப்புநீரைத் தடுத்தது, உண்மை. கதவுகள் மூடியுள்ள மாதங்களில் கடலோதம் உட்புகுந்து கழுவுவதும் நின்றது. கதவு திறக்கும் நாளைப் பயிர்க்காலத்தோடு மண் ஆய்வையும் கருதியே குறித்தல் வேண்டும். மீனவரும் அந்நாளையே எதிர்நோக்கியுள்ளனர்.