பல கண்கள் கண்ட பேராலயம்

(யூபிலி ஆண்டுத் தொடக்கக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பாரீஸ் மாநகரின் நோத்ர் தாம் மாதா பேராலயத்தை நம்மில் நேரில் கண்டோர் ஒரு சிலரே. படத்தில் காணாதார் அநேகமாய் இரார். அங்கே செல்லும் யாத்திரிகர் ஒரு படமாவது எடுக்காமல் திரும்புவதில்லை. ஒருவர் முகப்பு முழுவதையும் எடுக்கிறார். மற்றொருவர் வாயிலின் மேலுள்ள சுரூபங்களை மட்டும் எடுக்கிறார். வேறொருவரோ தம் மனைவி மக்களை வரிசையாய் நிறுத்தி, பின்னால் பாதிக் கோபுரம் தெரிய எடுக்கிறார். இப்படிப் பலரும் பலவாறாக எடுத்த படங்களை ஒன்றோடொன்று இணைத்துக் காட்டும் கணினி மென்பொருள் ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து மாணவர் நோவா ஸ்னேவ்லி, பேராசிரியர் ஸ்டீவன் சைட்ஸ், மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் செலிஸ்கி ஆகிய மூவரும் 2006-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். ‘ஃபோட்டோ டூரிசம்’ என்பது அவர்கள் இட்ட பெயர். படமெடுக்க யாரையும் அவர்கள் பாரீசுக்கு அனுப்பவில்லை. பொதுமக்கள் இணையத்தில் போட்டு வைத்திருந்த 2,635 படங்களைக் கணினிக்குக் கொடுத்தார்கள். அது ஏறத்தாழ இரண்டு வாரம் கணக்குப் போட்டது! முடிவில் 597 படங்கள் தத்தம் இடத்தில் வந்து பொருந்தின.

இது நடந்த விதத்தைச் சற்று விளக்க வேண்டும். பேராலயம் இன்னதென்று கணினிக்குத் தெரியாது. ஒவ்வொரு படத்திலும் எளிதில் அடையாளம் காணத்தக்க புள்ளிகளை மட்டும் அது தேடுகிறது: ஒரு சன்னலின் மூலை, ஒரு சுரூபத்தின் கைவிளிம்பு. அதே புள்ளி வேறு படங்களிலும் உண்டா என்று ஒப்பிடுகிறது. நில அளவைக்காரர் இரண்டு இடங்களில் நின்று கோணம் பார்த்துத் தொலைவைக் கணிப்பார் அல்லவா? அதுபோலவே, அந்த மூலை இருக்குமிடம் எது, படமெடுத்தவர் நின்ற இடம் எது என்ற இரண்டையும் கணித்துவிடுகிறது. அதன்பின் நாம் ஒருவர் எடுத்த படத்திலிருந்து அவரருகே நின்றவர் எடுத்த படத்திற்கு நகரலாம். தூரத்துப் படத்திலிருந்து கிட்டத்துப் படத்திற்குள் புகலாம். 2007-இல் பிளேஸ் அகுவேரா இ ஆர்காஸ் என்பவர் இதை மேடையில் செய்து காட்டினார். பேராலயத்தின் சுவரொட்டி ஒன்றை யாரோ படமெடுத்திருக்க, அதுவும் உரிய இடத்தில் வந்து பொருந்தியிருந்ததாம்!

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதனை ‘ஃபோட்டோசிந்த்’ என்ற பெயரில் வளர்த்தது. 2006 இறுதியில் அது காட்டிய மாதிரிகளில் உரோமாபுரிப் புனித இராயப்பர் பேராலயமும் ஒன்று. 2008 ஆகஸ்டு முதல் யாரும் தம் படங்களை அதில் ஏற்றலாம் என்றாயிற்று.

நிற்க. இந்தக் கணக்கில் மனிதர் நிலைப்பதில்லை. ஒரு படத்தில் வாயிலருகே நின்றவர் அடுத்த படத்தில் இல்லை. ஒப்பிட ஏதுமில்லாததால் கணினி அவரை விட்டுவிடுகிறது. கல்லும் தூணும் தங்குகின்றன. அங்கே செபிக்க வந்தவர் மறைந்து போகிறார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அதற்கு இட்ட வேலை அவ்வளவுதான்.

ஃபோட்டோசிந்தும் நிலைக்கவில்லை. 2017 பிப்ரவரி 6-ஆம் நாள் அதனை மூடிவிட்டார்கள். மக்கள் ஆண்டுக்கணக்காய் ஏற்றி வைத்த தொகுப்புகள் இணையத்திலிருந்து மறைந்தன. முன்கூட்டியே பிரதி எடுத்துக்கொண்டவர்களிடம் மட்டும் அவை எஞ்சின. ஆகவே, ‘கணினியில் ஏற்றிவிட்டால் போதாதா, சாமி?’ என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்லும் விடை: ஏற்றுங்கள், வீட்டிலும் வையுங்கள்.

வைத்திருப்பதன் பயனை அதே நோத்ர் தாம் பேராலயத்தில் கண்டோம். 2019 ஏப்ரல் 15, பெரிய வாரத்துத் திங்கட்கிழமை, அது தீப்பற்றியது. கூரையும் ஊசிக்கோபுரமும் விழுந்தன. ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் 2010-ஆம் ஆண்டிலேயே லேசர் கருவியால் அதன் உள்ளும் புறமும் அளந்து வைத்திருந்தார். பாவம், தீக்கு ஐந்து மாதங்களுக்கு முன், 2018 நவம்பரில், அவர் இறந்துவிட்டார். அவருடைய அளவுகளும், தீக்கு முன் எடுத்த படங்களும் சீரமைப்பு வேலைக்குக் கைகொடுத்தன. 2024 டிசம்பரில் பேராலயம் மறுபடியும் திறக்கப்பட்டது.

நம் பங்கிற்கு வருவோம். உங்கள் வீட்டுத் திருமணப் படத்தில் மணமக்களுக்குப் பின்னால் பழைய பலிபீடம் தெரியும். புதுநன்மைப் படத்தில் பழைய வாயில் தெரியும். முகம் சரியாக விழவில்லை என்று எதையும் ஒதுக்கிவிடாதீர்கள். படத்திலுள்ளவர்களின் பெயரையும் ஆண்டையும் பின்புறத்தில் பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். மை முன்புறம் ஊறக்கூடும். பெயர் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். கைப்பேசியில் மட்டும் கிடப்பவற்றில் நல்லவற்றை அச்சிட்டு வையுங்கள். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் கோயிற்பிள்ளை அறைவீட்டில் படங்களைப் பெற்றுக்கொள்வார். பிரதி எடுத்தபின் மூலப்படங்கள் அடுத்த ஞாயிறே உங்கள் கைக்கு வந்துசேரும்.