புது வீட்டில் முதற் கடமை

ஜப்பானிற் குடும்பத்துடன் வீடமர்த்துவோர், மின்சாரம், குடிநீர், எரிவாயு ஆகியவற்றுக்குத் தம் பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். மின்சாரம் வழங்கும் நிறுவனத்தை இல்லத்தார் தாமே தெரிந்தெடுக்கும் உரிமை 2016 ஏப்ரல் முதல் உண்டு. குடிநீரைப் பெரும்பாலும் நகராட்சியே வழங்குகிறது. எரிவாயுவுக்கோ விண்ணப்பம் மட்டும் போதாது. வீட்டார் ஒருவர் உடனிருக்க, பணியாளர் நேரில் வந்து, கசிவு உண்டா என்று சோதித்த பின்னரே திறந்துவிடுவார்.

இது வீண் சடங்கன்று. நிலநடுக்கம் மிகுந்த நாடு அது. அந்நாட்டு அளவையில் சுமார் 5 என்ற அளவுக்கு நிலம் அதிர்ந்தால், மீட்டர் தானாகவே எரிவாயுவை நிறுத்திவிடும். கசிவில்லை என உறுதி செய்துகொண்டு அதனை மீண்டும் இயக்கும் முறையைப் பணியாளரிடமே கேட்டறியலாம். அயல்மொழி அறியாத பெற்றோருக்கு அதனை எடுத்துரைக்கும் பொறுப்பு, பள்ளியில் அம்மொழி பயிலும் பிள்ளைகளையே சாரும். பெயரைப் பதிவது கட்டணம் செலுத்துவதற்கு மட்டுமன்று. வீட்டைக் காக்கும் கடமையை ஏற்பதற்குமாகும் என்பேன்.