நினைவில் இருப்பதும் நோட்டில் இருப்பதும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாபக சக்தி பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பைச் சொன்னதுமே பெண்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எதை எங்க வெச்சேன்னே தெரியல, வல்லாரைக் கீரை சாப்பிட்டா சரியாகுமா?" கீரை உடம்புக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் ஞாபகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அதனால் வருகிற லாபம் கீரையைவிட அதிகம். நம் குழுக்களில் வருகிற சண்டைகளில் பாதி குறைந்துவிடும்.

நம்ம ஊர் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2015 மார்ச் 21-ஆம் தேதி, இதே காட்பாடியில் உள்ள வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ராஜ்வீர் மீனா என்ற இளைஞர் கண்ணைக் கட்டிக்கொண்டு எண்களைச் சொல்ல ஆரம்பித்தார். வட்டக் கணக்கில் வருமே, பை என்ற எண், 3.14 என்று தொடங்கி முடிவே இல்லாமல் போகிற எண், அதில் 70,000 இலக்கங்களைப் பார்க்காமல் சொன்னார். கிட்டத்தட்ட பத்து மணி நேரம் ஆனது. கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது.

அவருக்கு மூளை வேறு மாதிரியா? இதற்கு முன்னால் இன்னொருவர் இருந்தார். 1981-ல் மங்களூரில் ராஜன் மகாதேவன் என்பவர் இதே எண்ணில் 31,811 இலக்கங்கள் சொன்னார். அவரை அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். எண்களில் அவரை யாரும் நெருங்க முடியவில்லை. எண்ணுக்குப் பதிலாகப் பழக்கமில்லாத குறிகளைக் காட்டினால், ஆறு குறி அளவுக்குத்தான் சொல்ல முடிந்தது. அதாவது நம்மைப் போலத்தான். எதில் பழகினாரோ அதில்தான் ஞாபகம் கூடியது. "எனக்கு ஞாபக சக்தியே இல்ல" என்று இங்கே யாரும் சொல்ல வேண்டாம். அறுபது வீட்டு மொய்க்கணக்கை மனசில் வைத்திருக்கிற பெண்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள்.

ஞாபகத்துக்கு மூன்று வேலை. பதிய வைப்பது, பத்திரமாக வைப்பது, வேண்டும்போது எடுப்பது. மறந்துபோச்சு என்றால் இந்த மூன்றில் ஏதோ ஒன்று நடக்கவில்லை என்று அர்த்தம்.

பதிய வைப்பது

அடுப்பில் பால் வைத்திருக்கிறோம், பிள்ளை கூப்பிடுகிறது, போன் அடிக்கிறது. அந்த நேரத்தில் சாவியை ஓர் இடத்தில் வைக்கிறோம். அப்புறம் தேடுகிறோம். இது மறதியே இல்லை. சாவி வைத்தது மனசில் பதியவே இல்லை. கவனம் இல்லாத இடத்தில் பதிவு இல்லை. "சாவி பீரோ மேல" என்று வாய்விட்டு ஒரு தடவை சொல்லி வைத்துப் பாருங்கள், தேடுவது குறையும்.

இன்னொன்று, மனசில் ஒரே நேரத்தில் நிற்கிற இடம் ரொம்பச் சின்னது. 1956-ல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியல் அறிஞர், ஏழு விஷயம் அளவுக்குத்தான் நிற்கும் என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் நாலுதான் என்கிறார்கள். ஆறு இலக்க ஓ.டி.பி.யைப் பார்த்துவிட்டுத் தட்டுவதற்குள் யாராவது பேசினால் போய்விடுகிறது, இல்லையா? அதுதான் காரணம். பத்து இலக்கப் போன் நம்பரை ஐந்து, ஐந்தாகப் பிரித்துச் சொல்கிறோமே, அது நாமே கண்டுபிடித்த வைத்தியம். பெரிய எண்களை மனப்பாடம் செய்கிறவர்களில் பலரும் இதைத்தான் பெரிய அளவில் செய்கிறார்கள். எண்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, ஒவ்வொரு கொத்தையும் ஓர் ஆளாக, ஒரு பொருளாக, ஒரு கதையாக மாற்றிக்கொள்கிறார்கள். அர்த்தம் உள்ளது தங்கும், அர்த்தம் இல்லாதது ஓடிவிடும்.

பத்திரமாக வைப்பது

1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் மனசில் தங்கவில்லை. இப்போது பேசிவிட்டுப் போன டாக்டர் கொஞ்ச நேரம் கழித்து வந்தால் புது ஆள். ஆனால் ஓர் ஆச்சரியம். கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரப் படத்தின் கோட்டுக்குள் கோடு போடச் சொன்னார்கள். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. "இதை முன்னால் செய்ததே இல்லை" என்று அவர் வாய் சொல்லும். கை மட்டும் பழகிய கையாக வேலை செய்யும்.

நம் பகுதிப் பெண்களுக்கு இது நன்றாகப் புரியும். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிற அக்காவிடம், "எப்படித் தைக்கிறீங்க, சொல்லுங்க" என்றால் திணறுவார். தோலையும் ஊசியையும் கையில் கொடுத்தால் பேசிக்கொண்டே ஒரு ஜோடியை முடித்துவிடுவார். கைக்கு ஒரு ஞாபகம், வாய்க்கு ஒரு ஞாபகம். இரண்டும் மூளையில் வேறு வேறு வழி. கைக்கு வந்த தொழில் சீக்கிரத்தில் மறக்காது. ஆனால் இன்றைக்கு எத்தனை ஜோடி தைத்தேன் என்ற கணக்கு இருக்கிறதே, அது கைஞாபகம் இல்லை. அது சீக்கிரம் மறைந்துவிடும். இதை மனசில் வையுங்கள், மறுபடி வருகிறேன்.

பகலில் பதிந்தது கெட்டிப்படுவதற்குத் தூக்கம் வேண்டும். ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் படிக்கும் பிள்ளைக்கு டீ போட்டுக் கொடுப்பதைவிட, படுக்கச் சொல்வது நல்லது.

திரும்ப எடுப்பது

1885-ல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டங்களைத் தானே மனப்பாடம் செய்து தன்னையே சோதித்தார். படித்ததில் பெரும்பங்கு முதல் ஒரு நாளுக்குள்ளேயே போய்விடுகிறது என்று கண்டார். போகாமல் இருக்க என்ன வழி? புத்தகத்தை மறுபடி மறுபடி வாசிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு "என்ன படிச்சேன்" என்று சொல்லிப் பார்ப்பது பல நாள் நிற்கிறது. 2006-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வும் இதைக் காட்டியது. உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "இன்னிக்கு என்ன நடத்தினாங்க, அம்மாவுக்குச் சொல்லு" என்று தினம் கேளுங்கள். நீங்கள் கேட்பதே பிள்ளைக்கு டியூஷன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நமக்கு முக்கியம். ஞாபகம் என்றால் டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்த பட்டுப்புடவை, எப்போது எடுத்தாலும் அப்படியே வரும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அது ஒவ்வொரு முறையும் புதிதாக வைக்கிற குழம்பு. அதே புளி, அதே மிளகாய்தான், ஆனால் இன்றைக்கு வைத்தது நேற்று வைத்தது இல்லை. யார் கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து ருசி மாறும்.

1974-ல் எலிசபெத் லாஃப்டஸ் என்ற பெண் விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். கார் விபத்துப் படம் ஒன்றை மாணவர்களுக்குக் காட்டினார். 50 பேரிடம் "கார்கள் இடித்தபோது என்ன வேகம்?" என்று கேட்டார். வேறு 50 பேரிடம் "கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்று கேட்டார். ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்றார். முதல் கூட்டத்தில் 7 பேர் ஆமாம் என்றார்கள். 'நொறுங்கிய' என்று கேட்ட கூட்டத்தில் 16 பேர் ஆமாம் என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை! அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. கேள்வியில் இருந்த ஒரு சொல் ஞாபகத்துக்குள் நுழைந்துவிட்டது.

இப்போது நம் குழுவுக்கு வாருங்கள். "ஆடி மாசத் தவணை 500 ரூபா நான் கட்டிட்டேன்." "இல்லக்கா, நீங்க கட்டல." ஒருத்தி அழுகிறாள், ஒருத்தி சாமி மேல் சத்தியம் செய்கிறாள். இப்படி எத்தனை குழு பிளந்திருக்கிறது! யோசித்துப் பாருங்கள். மாதா மாதம் அதே இடம், அதே பாய், அதே கை, அதே 500 ரூபாய். ஒரே மாதிரி நடப்பது மனசில் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆனி மாதம் கட்டியது ஆடி மாதம் கட்டியதாகத் தோன்றும். வாங்கினவளுக்கும் அதே குழப்பம்தான். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறோம் என்று நம்புகிறார்கள். உரக்கப் பேசுவதும், உறுதியாகப் பேசுவதும், கண்ணீரும் ஞாபகம் சரி என்பதற்குச் சாட்சி ஆகாது.

அதனால் நான் கேட்டுக்கொள்வது: ஞாபகம் தவறியவளைத் திருடி என்று சொல்லாதீர்கள். "ஏன் கட்டாம கட்டினேன்னு சொல்ற?" என்று கேட்காதீர்கள். அது நொறுங்கிய கார் கேள்வி. "அன்னிக்குக் கூட்டத்துல என்ன நடந்துச்சு, நீங்களே சொல்லுங்கக்கா" என்று கேளுங்கள். அப்புறம் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

குழுவில் சேர்ந்ததும் நமக்குச் சொல்லிக் கொடுத்த பஞ்சசூத்திரம் ஞாபகம் இருக்கிறதா? தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தவறாத உள்கடன், தவணை தவறாமல் திருப்பிக் கட்டுதல், சரியான கணக்குப் புத்தகம். ஐந்தாவது சூத்திரத்தை ஆபீசருக்குக் காட்டுவதற்கு என்று பலர் நினைக்கிறோம். இல்லை. மனுஷ மனசால் செய்ய முடியாத வேலையைச் செய்வதற்காக அது இருக்கிறது. பணம் கை மாறும்போதே பாஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். "அப்புறம் எழுதிக்கலாம்" என்பதுதான் சண்டைக்கு விதை. கூட்டம் முடியும் முன் அன்றைய வரவு செலவை ஒருவர் உரக்கப் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். எழுதத் தெரியாத உறுப்பினரின் புத்தகத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.

வீட்டில் ஜோடிக் கணக்கில் தைக்கிற சகோதரிகளே, முன்னால் சொன்னது இதுதான். ஏஜென்ட் நோட்டில் மட்டும் கணக்கு இருந்தால், வார முடிவில் அவர் நோட்டு பேசும், உங்கள் ஞாபகம் தோற்கும். பத்து ரூபாய் நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, வாங்கின ஜோடி, கொடுத்த ஜோடி, வந்த கூலி. கோடு போட்டாவது குறியுங்கள். பிள்ளையை விட்டு எழுதுங்கள். ஏ.டி.எம். பின் நம்பரை மட்டும் எழுதி கார்டோடு வைக்காதீர்கள். அதை மனசில் வைக்கலாம், நாலே இலக்கம்தான்!

கடைசியாக, வயதான அம்மாக்களைப் பற்றி. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எல்லோருக்கும் உண்டு. சாவி எதற்கு என்றே தெரியாமல் நிற்பது, தெரிந்த தெருவில் வழி தெரியாமல் போவது, அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது வேறு. "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள், திட்டாதீர்கள். தைராய்டு, பி-12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, தூக்கமின்மை இவற்றாலும் ஞாபகம் குறையும். இவை மருந்தால் சரிசெய்யக் கூடியவை. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை இருக்கிறது, சி.எம்.சி. இருக்கிறது. அழைத்துப் போங்கள்.

மனசு மறக்கும், மாற்றியும் சொல்லும். அது யார் குற்றமும் இல்லை. அடுத்த கூட்டத்திலிருந்து ஒரு முடிவு எடுங்கள்: கணக்கை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து ஆகும்வரை யாரும் பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கால் மணி நேரம் கூடுதலாக ஆகும். ஒரு குழு உடையாமல் இருப்பதற்கு அது பெரிய விலை இல்லை.