உடன்படிக்கையின் வாசகமும் கோர்ட்டாரின் நோக்கும்
(நம் சங்கத்து மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் முன்னோர் கடலை நம்பி வாழ்ந்தனர். அவர்தம் வியாபாரம் வாய்ச்சொல்லை நம்பி நடந்தது. ஆங்கிலேயர் காலத்து முத்துச் சலாபத்தில் எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கு குளியாட்களுக்கு, எஞ்சியது சர்க்காருக்கு என்பது கரை முழுதும் அறிந்த வழக்கம். அதற்கு வியாக்கியானம் வேண்டியிருக்கவில்லை. 1961-ம் வருஷத்திற்குப் பின் இக்கரையில் முத்துச் சலாபம் நடைபெறவில்லை. இன்று உப்புக்கும் தோணிச் சரக்குக்கும் அச்சடித்த பத்திரங்களில் கையொப்பமிடுகிறோம். அவற்றின் வாசகத்தில் தகராறு நேரின் கோர்ட்டார் எவ்வாறு பொருள் கொள்வர் என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, எழுத்துக்கு முன் வாய்ச்சொல் நில்லாது. 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 92-ம் பிரிவு ஒரு திருஷ்டாந்தம் தந்தது. கல்கத்தாவினின்று லண்டனுக்குச் செல்லும் கப்பல்களிலுள்ள சரக்கு இன்ஷூர் செய்யப்படுகிறது. சரக்கேறிய கப்பல் மூழ்குகிறது. ‘அந்தக் கப்பல் இதில் சேராதென்று வாயால் பேசிக்கொண்டோம்’ என்று நிரூபிக்க இடமில்லை. மோசடி முதலிய சில விலக்குகள் மட்டும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் இவ்விதி 95-ம் பிரிவாக நிலைபெற்றிருக்கிறது.

இரண்டாவது, தொழில் வழக்கை கோர்ட்டார் புறக்கணிப்பதில்லை. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 29-ம் பிரிவின்படி, இன்ன எண்ணெய் என்பது விளங்காமல் ‘நூறு டன் எண்ணெய்’ விற்பதாக எழுதினால் அது செல்லாது. விற்பவர் தேங்காயெண்ணெய் மாத்திரமே விற்பவராயின், தேங்காயெண்ணெய் என்றே பொருள்படும். வட்டார வழக்குச் சொல்லுக்கும் சாட்சியம் கொடுக்கலாம். ஆனால் பத்திரத்தில் தெளிவாக எழுதியதற்கு விரோதமான வழக்கம் செல்லாது.

மூன்றாவது, இருவர் மனமும் ஒரே பொருளில் ஒன்றவேண்டும். 1864-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. பம்பாயிலிருந்து ‘பியர்லெஸ்’ என்னும் கப்பலில் வரும் பருத்திக்கு விலை பேசப்பட்டது. அப்பெயரில் கப்பல்கள் இரண்டு. ஒன்று அக்டோபரிலும் மற்றொன்று டிசம்பரிலும் புறப்பட்டன. வாங்குபவர் நினைத்தது முந்தியதை, விற்பவர் கொடுக்க வந்தது பிந்தியதை. தீர்ப்பு வாங்குபவர் பக்கமாயிற்று. மாதத்தின் பெயரொன்றை எழுதியிருந்தால் வழக்கே எழுந்திராது.

நான்காவது, இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் இருபொருள்படும் ஷரத்து இருப்பின், அதை வகுத்த கம்பெனிக்கு எதிராகவே பொருள் கொள்ளவேண்டும் என்று நம் சுப்ரீம் கோர்ட்டு 1966-ல் கூறிற்று. ஆயினும் கட்சிக்காரர்களுக்காகப் புதிய உடன்படிக்கை இயற்றுவது தன் வேலையன்று என்றும் அக்கோர்ட்டே சொல்லியிருக்கிறது.

ஆகையால், அன்பர்களே, எடை எந்த இடத்து எடை, ஏற்றுகூலி யாருடையது, புயலால் தாமதித்தால் நஷ்டம் எவரைச் சாரும் என்பவற்றைக் கையொப்பத்திற்கு முன்னரே எழுதுவியுங்கள். ‘அண்ணாச்சி, அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னவர் நல்லவராகவே இருக்கலாம். அவரும் நாமும் மறைந்தபின் நம் மனைவி மக்கள் கையில் மிஞ்சுவது அந்தக் காகிதம் ஒன்றே.