வீட்டுக் கூரையும் அரசு மானியமும்

(நெய்யாற்றின்கரை வட்டம் கோட்டுகாலில், மாணவர்களும் அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டின் ஆற்றல் தேவைக்கு அரசு மானியம் வழங்குவது நம் நாட்டில் புதிய செய்தி அன்று. 1981-82-இல் தேசிய சாண எரிவாயுத் திட்டம் தொடங்கியது. அதே பத்தாண்டில் புகை குறைந்த அடுப்புகள் மானியத்துடன் கிராமங்களுக்குச் சென்றன. 2016-இல் உஜ்வலா திட்டம் சமையல் எரிவாயு இணைப்பை ஏழைக் குடும்பங்களுக்குக் கொண்டு சேர்த்தது. இன்று மானியம் வீட்டின் கூரைக்கு ஏறியிருக்கிறது. திட்டங்களின் பெயர்கள் மாறினாலும், பயனாளி கேட்க வேண்டிய கேள்விகள் மாறவில்லை. மானியம் யாருக்கு? எவ்வளவு? எப்போது கைக்கு வரும்? அது வந்த பிறகு பொறுப்பு யாருடையது?

எவ்வளவு கிடைக்கும்?

பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. 75,021 கோடி ரூபாய் மதிப்பீட்டில், ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு, 2026-27 நிதியாண்டு வரைக்குமாக மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. முதல் 2 கிலோவாட் வரை அடிப்படை விலையில் 60 விழுக்காடு, அதாவது கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம். மூன்றாவது கிலோவாட்டுக்கு 40 விழுக்காடு, அதாவது 18,000 ரூபாய். ஆக 1 கிலோவாட்டுக்கு 30,000. 2 கிலோவாட்டுக்கு 60,000. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்கு மேல் 5 கிலோவாட் அமைத்தாலும் 10 கிலோவாட் அமைத்தாலும் மானியம் 78,000 ரூபாயே.

இந்த விழுக்காட்டுக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. மானியம் கணக்கிடப்படுவது அரசு வகுத்த அடிப்படை விலையின் மீது. நிறுவனம் கேட்கும் விலையின் மீது அன்று. விலைப்புள்ளி உயர்ந்தால் உயர்ந்த தொகை முழுவதும் வீட்டுக்காரரின் தலையிலேயே விழும். ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களிடம் விலைப்புள்ளி பெற்று ஒப்பிடுவது இன்றியமையாதது.

எப்போது கிடைக்கும்?

இந்த மானியம் முன்பணம் அன்று. நுகர்வோர் எண்ணைக் கொண்டு தேசிய இணையதளத்தில் பதிவு செய்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தைத் தேர்ந்து, தகடுகளை நிறுவி, மின்வாரியம் நிகர அளவி பொருத்தி ஆய்வு முடித்த பின்னரே தொகை வங்கிக் கணக்கில் சேரும். அதுவரை முழுச் செலவையும் குடும்பமே தாங்க வேண்டும், அல்லது கடன் பெற வேண்டும். 3 கிலோவாட் வரை ஈட்டுப் பிணையில்லாத வங்கிக் கடனுக்குத் திட்டத்திலேயே வழி செய்யப்பட்டிருக்கிறது. அதை அறியாத குடும்பம் தனியாரிடம் அதிக வட்டிக்குக் கடன் வாங்கினால், மானியத்தின் ஒரு பகுதி வட்டியாகவே கரைந்துபோகும். உள்நாட்டில் தயாரான தகடுகளைப் பொருத்தினால்தான் மானியம் உண்டு என்பதையும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

யாருக்குக் கிடைக்கும்?

சொந்த வீடு, தகுந்த கூரை, மின் இணைப்பு ஆகிய மூன்றும் வேண்டும். 1 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் நிழலற்ற இடம் தேவை. தென்னைகள் சூழ்ந்த இந்த வட்டாரத்தில் இந்தக் கடைசி நிபந்தனை சிறியதன்று. ஒரு தகட்டின் ஒரு பகுதியில் விழும் ஓலை நிழல்கூட உற்பத்தியைக் கணிசமாகக் குறைத்துவிடும். கடலோரத்தில் உப்புக் காற்று தாங்கிக் கம்பிகளை அரிக்கும். தகரக் கூரையிலும் ஓட்டுக் கூரையிலும் வாழும் மீனவக் குடும்பத்துக்கும், வாடகை வீட்டில் இருப்போருக்கும் மானியம் பெயரளவில் திறந்திருந்தாலும் நடைமுறையில் எட்டாமல் போகலாம். எவ்வளவு மானியம் வழங்கப்பட்டது என்பதோடு, யார் விடுபட்டனர் என்பதையும் அலுவலர்கள் குறித்துவைக்க வேண்டும்.

முதலில் தேவையைக் குறைப்போம்

1 கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும்; மாதத்துக்கு 120 யூனிட். இடவப்பாதியிலும் துலாவர்ஷத்திலும் இது குறையும். இதனோடு மின்விசிறியை ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். நான்கு விசிறிகள் நாளுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால் மாதம் 90 யூனிட். பி.எல்.டி.சி. வகை விசிறி 30 வாட் அளவே எடுக்கும்; அதே பயன்பாட்டுக்கு மாதம் 36 யூனிட் போதும். மிச்சமாகும் 54 யூனிட், 1 கிலோவாட் தகட்டின் உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி. விசிறி மாற்றுவதற்கு இந்தத் திட்டத்தில் மானியம் இல்லை. ஆயினும் கணக்குப் பார்த்தால் முதலில் செய்ய வேண்டிய சீர்திருத்தம் அதுவே. 60 வாட் குண்டு பல்பின் இடத்தில் 9 வாட் எல்.இ.டி. விளக்கை இடுவதும் அவ்வாறே.

கேரளத்தில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. மாதப் பயன்பாடு 250 யூனிட்டைத் தாண்டினால், படிப்படியான விகிதம் நீங்கி, எல்லா யூனிட்டுக்கும் ஒரே உயர் விகிதம் கணக்கிடப்படுகிறது. அந்த எல்லைக்குச் சற்று மேலே இருக்கும் குடும்பம், பயன்பாட்டைக் குறைத்தே கட்டணத்தில் பெரும் பயன் பெறலாம். குறைந்த தேவைக்கு ஏற்ற அளவில் தகடு அமைத்தால் கடனும் குறையும். மானியத்தின் உச்சவரம்பு 3 கிலோவாட் என்பதால் எல்லோரும் 3 கிலோவாட் அமைக்க வேண்டும் என்பதில்லை. மாதம் 150 யூனிட்டுக்குள் செலவிடும் வீட்டுக்கு 1 முதல் 2 கிலோவாட் வரை போதும் என்பதே அரசின் பரிந்துரையும்.

மானியம் வந்த பின்

பரவலான ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே நீக்க வேண்டும். மின்வாரியக் கம்பியோடு இணைந்த, மின்கலம் இல்லாத அமைப்பு, மின்தடை நேரத்தில் தானும் நின்றுவிடும். கம்பியைச் செப்பனிடும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. தடை நேரத்திலும் விளக்கு எரிய வேண்டுமானால் மின்கலத்துக்குத் தனியாகச் செலவிட வேண்டும்.

புகை குறைந்த அடுப்புத் திட்டம் 2002-இல் நிறுத்தப்பட்டது. கட்டிய அடுப்புகளின் எண்ணிக்கை ஏடுகளில் பெரிதாகவே இருந்தது. ஆனால் விரிசல் விட்ட அடுப்பைச் சரிசெய்ய ஆளின்றிப் பல வீடுகள் பழைய அடுப்புக்கே திரும்பின. தகடுகளுக்கும் அந்த நிலை வரக்கூடாது. நிறுவிய நிறுவனம் ஐந்தாண்டுகள் பராமரிக்க வேண்டும் என்பது திட்ட விதி. தகடோ இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்க வேண்டிய பொருள். எஞ்சிய இருபது ஆண்டுகளுக்குப் பழுது பார்க்கும் திறன் இந்த வட்டாரத்திலேயே வளர வேண்டும். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு இது ஒரு வேலைவாய்ப்பு; ஊராட்சிக்கு இது ஒரு கடமை.

மாணவ நண்பர்கள் ஒரு பணி செய்யலாம். தம் தெருவில் உள்ள வீடுகளின் ஓராண்டு மின்கட்டணச் சீட்டுகளைத் தொகுத்து, எந்த வீட்டில் எவ்வளவு குறைக்கலாம், எந்தக் கூரையில் வெயில் தடையின்றி விழுகிறது என்று பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியல் கையில் இருந்தால், விற்பனையாளர் சொல்லும் அளவை ஏற்பதற்குப் பதிலாக, தம் தேவைக்கு உரிய அளவைக் குடும்பங்கள் தாமே கேட்டுப் பெற முடியும்.