டி.சி. வாங்கும் முன் ஒரு மஷ்வரா
(அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





உதவித்தொகை விண்ணப்பத்தோடு நம் அலுவலகம் வரும் பிள்ளைகளில் சிலர் இப்போது புதிதாக ஒன்று கேட்கிறார்கள். “ஒரு வருஷம் இங்கே படித்துவிட்டேன். மீதியை டெல்லி ஜாமியாவிலோ அலிகரிலோ படிக்கலாமா?” ஆசை நல்ல ஆசை. லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் அத்தாமார்கள் வளைகுடாவில் வருடக்கணக்கில் உழைப்பது பிள்ளைகள் மேலே வரத்தானே! ஆனால் டி.சி. கையில் வாங்கிய பிறகு யோசிப்பதில் பயனில்லை. ஆகவே சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, பஸ் மாறி ஏறுவது போல நடுவில் மாற முடியாது. நம் பகுதிக் கல்லூரிகள் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. மத்தியப் பல்கலைக்கழகங்கள் இளநிலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் முதலாண்டில்தான் சேர்க்கின்றன. கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் ஏற்பாட்டை யு.ஜி.சி. 2021ல் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் கிரெடிட் இருப்பதாலேயே சீட் கிடைத்துவிடாது. அதைப் போகிற இடம்தான் முடிவு செய்யும். அப்படியானால், மாறுவது என்பது பலருக்கு ஒரு வருடத்தையும் அந்த வருடத்துக் கட்டணத்தையும் விட்டுவிட்டு மறுபடி தொடங்குவதுதான்.

இரண்டாவது, “அலிகர் நம்முடையதுதானே, இடம் கிடைத்துவிடும்” என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். 1920 முதல் பல்கலைக்கழகமாக இருக்கும் அங்கே, முஸ்லிம் என்பதற்காகத் தனி ஒதுக்கீடு நடைமுறையில் இல்லை. ஜாமியாவுக்கு 2011ல் சிறுபான்மை நிறுவனத் தகுதி கிடைத்தது. அங்கே பாதி இடம் முஸ்லிம்களுக்கு. அதில் 10 சதவீதம் பெண்களுக்கென்றே இருக்கிறது. பெண்பிள்ளை என்பதற்காகவே பேச்சை முடித்துவிடும் வீட்டார் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத்தில் 1998ல் தொடங்கிய மௌலானா ஆசாத் பல்கலைக்கழகம் உருது வழியில் நடப்பது. தமிழில் படித்து வந்த நம் பிள்ளைகளுக்கு அது எளிதல்ல.

மூன்றாவது, சான்றிதழ். மாநிலத்தில் நமக்கு 3.5 சதவீதம் வாங்கித் தரும் பி.சி.எம். சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகத்தில் செல்லாது. ஓ.பி.சி.க்கு 27 சதவீத இடம் ஒதுக்கும் மத்தியப் பல்கலைக்கழகங்களில் அந்த இடத்துக்கு, கிரீமி லேயரில் வராதவர் என்ற தனிச் சான்றிதழ் வேண்டும். உங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கடைசி வாரத்தில் தாலுகா ஆபீசுக்கு ஓடாதீர்கள்.

நான்காவது, செலவு. கட்டணம் தனியார் கல்லூரியை விடக் குறைவுதான். ஆனால் விடுதி இடம் சீட்டோடு தானாக வராது. வெளியே அறை எடுத்தால் வாடகை, சாப்பாடு, டெல்லிக் குளிருக்குக் கம்பளி என்று எல்லாம் சேரும். அரியலூரில் ரயில் ஏறிச் சென்னை போய், அங்கிருந்து ஒன்றரை நாள் பயணம். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாவிட்டால் உடனே வர முடியாது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறவர்கள், வெளியே போனால் அது தொடருமா என்று இப்போதைய கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் போகவே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. பெரும்பாலோருக்கு நாங்கள் சொல்வது இதுதான்: இங்கே பட்டத்தை நல்ல மதிப்பெண்ணோடு முடியுங்கள். கடைசி வருடத்தில் முதுநிலைக்கான கியூட் தேர்வு எழுதுங்கள். திருவாரூர், புதுச்சேரி, ஹைதராபாத், டெல்லி என்று பல வாசல்கள் அந்தத் தேர்வால் திறக்கும். ஒரு வருடமும் வீணாகாது. இங்கே இல்லாத படிப்பு வேண்டும், அதற்காக மறுபடி முதலாண்டில் உட்காரவும் தயார் என்கிற பிள்ளையைத் தடுக்காதீர்கள். இங்கே பெயர் இருக்கும்போதே தேர்வெழுதட்டும். அனுமதிக் கடிதம் வந்த பிறகு டி.சி.யும் மைக்ரேஷன் சான்றிதழும் கேட்கட்டும்.

அப்படிக் கடிதத்தோடு வரும் பிள்ளைக்கு, ஊர் மாறியது என்பதற்காக நம் உதவித்தொகை நிற்காது. அத்தா, அம்மா, பிள்ளை மூவருமாக வாருங்கள்; உட்கார்ந்து பேசுவோம். வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன்.